குவார்ட்டர் பாட்டிலில் ஒரு சாம்பிள்

போன மாதம் பாகூரில் ஒரு கல்யாணம். வில்லியனூரிலிருந்து ஸ்கூட்டரில் கிளம்பினோம். முகூர்த்தத்துக்கே போய்ச் சேர்ந்திருக்கலாம்… என் வீட்டுக்காரர் வழியில் மூன்று தடவை வண்டியை ஓரங்கட்டாமல் இருந்திருந்தால்!

முதல் தடவை, “போன் வருது” என்றார். இரண்டாவது தடவை, “டயர்ல காத்து கம்மியா இருக்கு” என்றார். டயரைப் பார்க்க எதற்குக் கரும்புத் தோட்டத்துக்குள் போக வேண்டும்? மூன்றாவது தடவை காரணமே சொல்லவில்லை. போனவர் திரும்பி வரப் பத்து நிமிஷம் ஆனது.

மனுஷன் மின்துறையில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். புயல் மழையிலும் கம்பம் ஏறியவர். ஆஸ்பத்திரிப் படி மட்டும் ஏற மாட்டார்! “வயசானா எல்லாருக்கும் வர்றதுதான்டி” என்று தனக்குத் தானே வைத்தியம் பார்த்துக்கொண்டார். எனக்குத்தான் சோறு இறங்கவில்லை.

ஒருவழியாக மூலக்குளத்தில் ஒரு ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். “ஆம்பளைங்களுக்கு மட்டும் மூத்திரப்பைக்குக் கீழ இருக்கற புராஸ்டேட் சுரப்பி வீங்கியிருக்கு. கேன்சரா இருக்குமோன்னு ஒரு சந்தேகம்” என்றார் டாக்டர். “கேன்சரா?” என்று கத்தியே விட்டேன்.

“பயப்படாதீங்கம்மா. எடுத்தவுடனே ஊசி குத்திச் சதை எடுக்க வேணாம். யூரின்லயே ஒரு புது டெஸ்ட் வந்திருக்கு. சீக்கிரமே ரிசல்ட் தெரியும். கேன்சர்னு அது முடிவா சொல்லாது. ஸ்கேன், பயாப்ஸி எல்லாம் தேவையா இல்லையான்னு நமக்கு வழி காட்டும்.”

மறுநாள் காலை வீட்டிலேயே பிடித்து எடுத்து வரச் சொல்லி, பெயர் எழுதி ஒட்டிய டப்பா ஒன்றைக் கையில் கொடுத்தார்கள். அவ்வளவுதான். வில்லியனூர் ரோட்டில் ஒரு காம்பவுண்டுச் சுவரைக்கூட விட்டு வைக்காத ஆண் வர்க்கத்துக்கு இதெல்லாம் ஒரு கஷ்டமா?

மறுநாள் காலை லேப்பில் நர்ஸ் பெண் கை நீட்டியது. இவர் பேன்ட் பாக்கெட்டிலிருந்து எடுத்து நீட்டினார்… ஒரு குவார்ட்டர் பாட்டில்!

“இன்னா சார் இது? டப்பா குடுத்தோமே?”

“அத எடுத்துனு வந்தா தெரு பூரா இன்னான்னு கேப்பாங்கம்மா.”

“இத எடுத்துனு வந்தா கேக்க மாட்டாங்களா?”

“இதப் போய் யாரு கேக்கப் போறா?”

அந்தப் பெண் என்னைப் பார்த்தது. நான் சுவரைப் பார்த்தேன். எங்கள் ஊர் நியாயம் அப்படி — சரக்கு பாட்டிலோடு போனால் கௌரவம், டெஸ்ட் டப்பாவோடு போனால் அவமானம்.

“இதுல பிராந்தியைத்தான் டெஸ்ட் பண்ணணும்” என்று அதைக் குப்பையில் போட்டுவிட்டு, வேறு டப்பா கொடுத்தது அந்தப் பெண். இரண்டு பாட்டில் தண்ணீரும் ஒரு மணி நேரமும் ஆனது.

மதியம் ரிசல்ட் வந்தது. “கேன்சர்னு இப்பவே சொல்லல. ஆனா இத விடக் கூடாது. வியாழக்கிழமை ஸ்கேன் எடுத்துடலாம்” என்றார் டாக்டர்.

வீடு திரும்பும் வழியெல்லாம் இவருக்கு இருந்தது ஒரே கவலை. உயிரைப் பற்றி என்றா நினைத்தீர்கள்? “யார்கிட்டயும் சொல்லிடாத. கேட்டா பல்லு வலின்னு சொல்லு.”

சாயங்காலம் இவரோடு வேலை பார்த்த தனபால் வந்தார். வாசலிலேயே நின்றார்.

“அண்ணி, காலையில ஆஸ்பத்திரிகிட்ட உங்க ரெண்டு பேரையும் பாத்தேன்…”

“பல்லு வலிங்க” என்றேன். மனுஷன் நகர்ந்தால்தானே?

“அங்க யூரின்ல இன்னாமோ டெஸ்ட் எடுக்கறாங்களாமே? எனக்கில்ல அண்ணி… ஒரு பிரண்டுக்கு. ரொம்ப நாளா அவஸ்தைப்படறாரு. காலையில ஆஸ்பத்திரி கேட் வரைக்கும் வந்துட்டுத் திரும்பிப் போயிட்டாரு, பாவம்.”

உள்ளே டிவி சத்தம் நின்றது. என் வீட்டுக்காரர் வெளியே வந்தார்.

“தனபாலு, எனக்குப் பல்லு வலியும் இல்ல, ஒண்ணும் இல்லடா. புராஸ்டேட்டு. டெஸ்ட் எடுத்தாச்சு. வியாழக்கெழம ஸ்கேன். பயமாத்தான் இருக்கு. உன் பிரண்டையும் கூட்டினு வா… சேந்தே போலாம்.”

தனபால் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்.

தெரு முழுக்கக் கேட்டிருக்கும். கேட்கட்டுமே… தெருவில் பாதிப் பேருக்கு அந்தச் சுரப்பி இருக்கிறது!