பாறை அழுததற்கு மதிப்பெண் இல்லை

பக்கத்து மனையில் நேற்றுக் காலை போர்வெல் போட ரிக் லாரி வந்து நின்றது. கம்ப்ரசரை முடுக்கியதுதான் தாமதம், ஜன்னல் கண்ணாடி, அலமாரித் தட்டு, என் பல், எல்லாம் சேர்ந்து அதிர்ந்தன. சற்று நேரத்தில் வெண்புழுதி வீட்டுக்குள் புகுந்தது. அரைபட்ட கல்லின் வாடை. அப்பாவின் சட்டை வாடை. எதிர்வீட்டுக்காரர் தெருவில் இறங்கிச் சத்தத்துக்காகச் சண்டை பிடித்துக்கொண்டிருந்தார். எனக்கும் கோபம் வந்தது. அது அந்த லாரியின் மேல் வந்த கோபமில்லை. முப்பது வருடமாக ஆறாமல் கிடக்கிற வேறொன்று.

அப்பா ரிக்கில் டிரில்லர். திருச்செங்கோட்டிலிருந்து லாரி கிளம்பினால் ராஜஸ்தான், மத்தியப் பிரதேசம் என்று துளைத்துக்கொண்டே போய், நாலைந்து மாதம் கழித்துத்தான் ஊர் திரும்பும். கம்ப்ரசர் பக்கத்திலேயே நின்று நின்று அவருக்குக் காது பாதி போயிருந்தது. அதனால் ரகசியத்தைக்கூடக் கத்தித்தான் சொல்வார். வீட்டு விஷயம் எதுவும் பேச வராது. பாறையைப் பற்றிக் கேட்டுவிட்டால் நிறுத்த வராது. ஒரு பாறை வீம்பு பிடித்ததாம். ஒன்று ஈரத்தைக் காட்டி ஆசை காட்டிவிட்டு ஏமாற்றியதாம். இன்னொன்றைப் பற்றிச் சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து என்னிடம் சொன்னார்: "நானூறு அடி வரைக்கும் வாயே தொறக்கல சாமி. அப்பறம் பாரு, அடக்கி வெச்சதெல்லாம் சேத்து ஒரே அழுவாச்சி."

அப்போது நான் பத்தாம் வகுப்பு. நாமக்கல் பக்கம் ஒரு விடுதிப் பள்ளியில் சேர்த்திருந்தார்கள். அங்கே ஆங்கிலச் செய்யுளைப் படிக்கவில்லை, ஒப்பித்தோம். செய்யுளுக்குள் இருக்கிற அணிகளையும் ஒப்பித்தோம். விடிவதற்குள் எழுப்பி வராந்தாவில் உட்கார வைப்பார்கள். சிமிலி, மெட்டஃபர், பெர்சானிஃபிகேஷன், ஆக்ஸிமோரான் என்று நூற்றைம்பது பெண்கள் தூக்கக் கலக்கத்தில் ஒரே குரலில் முழங்குவோம். லைக், ஆஸ் வந்தால் சிமிலி. வராவிட்டால் மெட்டஃபர். மொத்தம் இருபது சொல், இருபது விளக்கம், இருபது எடுத்துக்காட்டு. எல்லாம் கைடில் அச்சடித்தபடி.

சனிக்கிழமை தேர்வு. ஞாயிற்றுக்கிழமை பெற்றோர் வரும் நாள். முழு மதிப்பெண் வாங்கியவளுக்கு ஒரு ரோஸ் சீட்டு கிடைக்கும். அதைக் காட்டினால்தான் கேட் திறக்கும். மற்றவர்கள் முழு மதிப்பெண் வரும்வரை ஹாலில் உட்கார்ந்து திரும்பத் திரும்ப எழுத வேண்டும். கேட்டுக்கு வெளியே புளியமரத்தடியில் அம்மா அப்பாக்கள் சோறு கட்டிய தூக்குப்போசியோடு காத்துக் கிடப்பார்கள். அதை யாரும் கொடுமை என்று நினைக்கவில்லை. எங்க பள்ளிக்கூடத்துல எவ்வளவு ஸ்ட்ரிக்ட் தெரியுமா என்று சொந்தக்காரர்களிடம் பெருமை பேசினார்கள்.

ஒரு ஞாயிறு அப்பா வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார். முந்தின நாள்தான் ரிக் ஊருக்குள் வந்தது. ஞாயிறு இரவே மறுபடியும் கிளம்புகிறது. ஐந்து மணிப் பேருந்தை விட்டால் அவர் லாரியைப் பிடிக்க முடியாது. அந்த ஞாயிறை விட்டால் நான் அவரைப் பார்க்க இன்னும் ஐந்து மாதம்.

சனிக்கிழமைத் தேர்வில் எனக்கு இருபதுக்குப் பத்தொன்பது.

உயிரில்லாததை மனிதராக்கிப் பேசுகிற பெர்சானிஃபிகேஷனுக்குக் கைடில் இருந்த எடுத்துக்காட்டு, காற்று மரங்களிடம் கிசுகிசுத்தது என்பது. எனக்கு அது தலைகீழ்ப் பாடம். ஆனாலும் தேர்வுத் தாளின் முன்னால் உட்கார்ந்திருந்தபோது சட்டென்று ஒன்று உறைத்தது. அப்பா சோற்றுத் தட்டின் முன்னால் செய்வது இதுதான். அதற்கு இவ்வளவு நீளமாக, இங்கிலீஷில், ஒரு பெயரே இருக்கிறது! நானூறு அடி வாய் திறக்காத பாறையை, பிறகு அழுத பாறையை, எனக்குத் தெரிந்த ஓட்டை இங்கிலீஷில் எழுதி வைத்தேன்.

இங்கிலீஷ் மிஸ் அதைச் சிவப்பு மையால் குறுக்கே அடித்திருந்தார். வகுப்பு முழுக்கக் கேட்கிற மாதிரி, "பாறை அழுவுமா? இதை யாருடி சொன்னது?" என்றார்.

"எங்கப்பா, மிஸ்."

"ஓ, உங்கப்பாவா? அப்ப அவரையே வந்து மார்க் போடச் சொல்லு."

எல்லோரும் சிரித்தார்கள். காற்று கிசுகிசுக்கலாம், பாறை மட்டும் அழக்கூடாது.

ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு முதல் மறுதேர்வு. இருபதையும் எழுதினேன். பெர்சானிஃபிகேஷனுக்குப் பாறையையே எழுதினேன். பத்தொன்பது. பன்னிரண்டு மணிக்கு மறுபடி. பாறை. பத்தொன்பது. வாட்ச்மேன் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "ஏம்மா, உங்கப்பன் காலைல இருந்து வெயில்ல நிக்கறாரு. என்னதான் எழுதற?" என்றார். பக்கத்துப் பெண்கள் ஒவ்வொருத்தியாக எழுந்து ரோஸ் சீட்டோடு ஓடினார்கள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினேன். இரண்டரைக்கும் பாறைதான்.

நாலே காலுக்கு மிஸ் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். குரல் மாறியிருந்தது. "இந்தா பாரு, ஆன்சர் கீயில இல்லாததுக்கு நான் மார்க் போட்டா ஹெச்.எம். என் சம்பளத்துல கை வைப்பாரு. அந்தக் காத்தை எழுதித் தொலைச்சுட்டு உங்கப்பாவைப் போய்ப் பாரேன்டி."

எழுதினேன். தாள் கிழிகிற அளவுக்கு அழுத்தி எழுதினேன். இருபதுக்கு இருபது.

நான் கேட்டுக்கு ஓடும்போது ஐந்து மணிக்குப் பத்து நிமிடம் இருந்தது. அப்பா கையில் ஒரு பை நிறைய நாக்பூர் ஆரஞ்சு. வெயிலில் வதங்கி, பையெல்லாம் ஈரம். ஒரு பழத்தைக்கூட அவர் தின்றிருக்கவில்லை. என்னைப் பார்த்ததும் சிரித்து, "பரீச்சை கஷ்டமா சாமி?" என்று கத்தினார்.

காலையிலிருந்து மிஸ்ஸின் மேல், வாட்ச்மேன் மேல், கைடின் மேல் சேர்த்து வைத்திருந்த கோபமெல்லாம் அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் வாய்க்கு வந்துவிட்டது.

"எல்லாம் உங்களாலதானுங்கப்பா! நீங்க சொன்னதை எழுதித்தான் மார்க்கு போச்சு. பாறை அழுதுதாம், பாறை!"

அவருக்குச் சரியாகக் கேட்கவில்லை. குனிந்து காதைக் கொடுத்தார். நான் அதை மறுபடியும், இன்னும் சத்தமாகச் சொன்னேன். இரண்டாவது முறை சொன்னதைத்தான் என்னால் இப்போது மன்னிக்க முடியவில்லை.

அந்த நேரம் பார்த்து மிஸ் கேட்டைக் கடந்தார். அப்பா பையைக் கீழே வைத்துவிட்டுக் கையைக் கூப்பினார். "ஏனுங்க மிஸ், புள்ள தெரியாம எழுதிப்போட்டாளுங்க. நாந்தான் சோத்துக்கு முன்னால எதையோ ஒளறிப்போட்டனுங்க. மனசுல வெச்சுக்காதீங்க." ஆறங்குல டிரில் பிட்டால் மலையைத் துளைக்கிற மனிதர், ஒரு சிவப்புப் பேனாவின் முன்னால் அப்படிக் கூனிக் குறுகி நின்றார். எனக்கு அவர்மேல் இன்னும் ஆத்திரம் வந்தது.

ஐந்து மாதம் கழித்து அவர் வந்தபோது அவர்மேல் இருந்த கோபம் எப்போதோ தீர்ந்திருந்தது. சோறு போட்டுக்கொண்டே, "இந்தத் தடவை பாறை எப்படிங்கப்பா?" என்று கேட்டேன். "முன்னூத்தெம்பது அடி. தண்ணி வந்துச்சு" என்றார். அவ்வளவுதான். அதற்கடுத்த முறையும் அடிக்கணக்குதான். அவர் போய்ச் சேரும்வரை அடிக்கணக்குதான். காது முழுக்கப் போய்விட்டது, அதனால்தான் பேச்சும் குறைந்துவிட்டது என்றாள் அம்மா. நானும் வெகுகாலம் அப்படித்தான் நம்பினேன். பொதுத்தேர்வில் ஆங்கிலத்தில் தொண்ணூற்றாறு வாங்கியதற்கு எல்லோருக்கும் சாக்லேட் கொடுத்தவள் நான்தான். அந்த நாலு மதிப்பெண் எங்கே போனது என்று விசாரித்தேனே தவிர, அப்பாவின் பாறைகள் எங்கே போயின என்று விசாரிக்கவில்லை. அவர் வாயை அடைத்தது பள்ளிக்கூடம் என்றுதான் பிற்பாடும் திட்டிக்கொண்டிருந்தேன். கேட்டருகில் நின்று மூடி போட்டது யார் என்று நேற்றைய புழுதி வந்துதான் சொல்ல வேண்டியிருந்தது.

அந்த ஞாயிறு ஐந்து மணிப் பேருந்து சரியான நேரத்துக்கு வந்து தொலைத்தது. பையை என் கையில் திணித்துவிட்டு ஓடி ஏறினார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றேன். படிக்கட்டில் தொங்கிக்கொண்டே, பேருந்து முழுக்கத் திரும்பிப் பார்க்க, அவர் கத்தினார்:

"இனி நான் ஒன்னும் ஒளறமாட்டேன் சாமி. நீ அந்தக் காத்தையே எழுது. வாரேன்!"