ஊசி வரட்டும் என்றவர்

சேலத்தில் கண் ஆஸ்பத்திரியில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார் அவர். கண் கெட்டதால் லாரி ஓட்டுவதை விட்டுவிட்ட நாமகிரிப்பேட்டைக்காரர். பெரிய உருவம், வெயிலில் கறுத்த வலது கை. அடிக்கடி ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு, காதோரத்திலிருந்து விரலை மெல்ல முன்னால் கொண்டுவருவார். எங்கே தெரிகிறதோ அங்கே நிறுத்துவார். எங்கள் இருவருக்கும் ஒரே நோய். அப்பா வழியில் வந்த கண் நீர் அழுத்தம். பார்வையை ஓரத்திலிருந்து தின்றுகொண்டே வரும்.

பிள்ளைகளையும் சோதிக்க வேண்டும் என்று டாக்டர் இருவரிடமும் சொல்லியிருந்தார்.

“பொண்ணக் கூட்டியாரலீங்களா?” என்றேன்.

“மாப்ள ஊட்டுக்காரங்க இப்பத்தான் பாத்துட்டுப் போயிருக்காங்க. இந்நேரத்துல கண்ணாஸ்பத்திரிக்குக் கூட்டியாந்தா ஊரு சும்மா இருக்குமுங்களா? கண்ணாலம் முடியட்டும்.”

“போன பார்வை திரும்பாதுங்களே.”

“அட, நீங்க ஒண்ணு! பரம்பரைக் கோளாறை ஜீன்லயே திருத்தற ஊசி வருதாமுல்ல. ஒரே ஊசி, எல்லாஞ் சரியாயிரும்.”

“அது இன்னும் ஆராய்ச்சிலதான் இருக்குதாம். வந்தாலும் செத்த நரம்பு பொழைக்காதுன்னு டாக்டர் சொன்னாருங்க.”

“ஏனுங்க, என்ற வயித்துல புளியக் கரைக்கறதுக்குன்னே வந்து உக்காந்தீங்களா?” என்று சிரித்தார். சிரித்தபடியே கண்ணைப் பொத்தினார். விரல் கன்னத்தையும் தாண்டி வந்த பிறகுதான் நின்றது.



இப்போதும் அந்த ஊசியைப் பற்றிச் செய்தி வந்தால் எனக்குச் சந்தோஷம் வருவதில்லை, பயம்தான் வருகிறது. அவரும் அதைக் கேட்டிருப்பார். பெண்ணைச் சோதிக்க இன்னும் கொஞ்ச நாள் பொறுக்கலாம் என்று இருந்துவிடுவாரோ?