வவுனியாவுக்கு ஓடிய சனிக்கிழமை வான்

எங்கள் அக்கா, திருக்கேதீஸ்வரத்துக்கு அண்மையில் வயல் செய்து வாழ்ந்த குடும்பத்தின் மூத்த பிள்ளை. அப்பாவின் உழவு இயந்திரத்தில் ஓட்டப் பழகியவர். போர் அத்தானைப் பறித்தது. மகளோடு முகாமிலிருந்து மீளக்குடியேறியபோது ஊரில் கூரையுள்ள வீடு இல்லை. பள்ளிக்கூடமும் தொலைவு. பிள்ளைகளை ஏற்றி இறக்க, பாவித்த யப்பான் டீசல் வான் ஒன்றை எடுத்தார். “பொம்பிளை வான் ஓடுறதோ?” என்று கேட்டவர்களின் பிள்ளைகளும் பிறகு அதில்தான் போனார்கள்.

ஒரு மழைக்காலக் காலையில் பிள்ளைகளோடு போகும்போது மீற்றருக்குள் மஞ்சள் விளக்கு எரிந்தது. வான் இழுக்க மறுத்தது. மன்னாரில் கராச் வைத்திருந்த முஸ்லிம் மெக்கானிக்கை, அவர்கள் அண்ணனை அழைப்பதுபோல, நாங்களும் நானா என்போம். அவரும் போரில் இடம்பெயர்ந்து, புத்தளத்திலிருந்து ஊர் திரும்பியவர்.

“புகைக்குழாய் ஃபில்டர் கரியால அடைச்சுப்போச்சு, தங்கச்சி. தூர றோட்டில சூடா ஓடினா அந்தக் கரி தானா எரிஞ்சிரும். நீங்க கிட்டடியிலதானே ஓடுறீங்க. கனபேர் செய்யிற மாதிரிக் கழட்டி விட்டிருவமா?”

“கழட்டினா கரி எங்க போகும், நானா?”

“பின்னால வெளிய போகும்.”

“பின்னால நிக்கிறது பிள்ளையள். என்ர மகளுக்கே முட்டு வருத்தம், புகை பட்டா மூச்சு இழுக்கும். கழட்ட வேண்டாம்.”

நானா யோசித்தார். “அப்ப சுத்தமாக்கித் தாறன். கிழமைக்கு ஒருக்கா வவுனியா வரைக்கும் ஓடிட்டு வாங்க. கரி எரியிற நேரம் எஞ்சினை நிப்பாட்டிராதீங்க. ஓயிலும் இந்த வானுக்கு உரியதையே ஊத்துங்க.”

முதல் சனிக்கிழமை அக்காவோடு நான் மட்டுமே போனேன். “வெறும் சீற்றுகளை ஏத்திக்கொண்டு ஊர்வலம் போறன், தம்பி” என்று சிரித்தார். அடுத்த கிழமை சந்தியில் வானை நிறுத்தி, “வவுனியாவுக்கு ஆர் வாறியள்?” என்று கேட்டார். அங்கே வார இறுதி வகுப்புக்குப் போக வழியில்லாதிருந்த பெண்பிள்ளைகள் சிலர் ஏறினார்கள். போகப்போக வான் நிறைந்தது. அவர்களில் ஒருத்தி இன்று தாதி; இருவர் ஆசிரியைகள்.

பல வருடங்கள் கழித்து அக்காவுக்கு நோய் கண்ட பின், வளர்ந்துவிட்ட மகள் ஓட்ட, அவர் பக்கத்தில் இருந்தார். “அவசரப்படாத பிள்ளை, ஒரே வேகத்தில போ” என்பார். கடைசி மாதம் மட்டுமே வீட்டோடு இருந்து, மகளின் மடியில் அமைதியாகக் கண்மூடினார்.

ஆஸ்பத்திரியில் பராமரித்த தாதிமாருக்கும், துக்க நாட்களில் எங்களுக்குச் சமைத்துத் தந்த அயலவருக்கும், அக்கா படுத்திருந்த காலமெல்லாம் வானைக் கவனித்த நானாவுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது.

இந்தச் சனிக்கிழமையும் வான் போகிறது. வவுனியா போக வேண்டியவர்கள் விடியச் சந்திக்கு வாருங்கள். இடம் இருக்கிறது.