ஆர்.கே.பேட்டைக்காரர்கள் டால்பின் பார்த்த கதை

திருத்தணி பேருந்து நிலையத்தை ஒட்டி ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஊரில் யார் எந்தக் காரியம் தொடங்கினாலும் நோட்டீஸ் அடிக்க என்னிடம்தான் வருவார்கள். ஐந்து வருடங்களுக்கு முன் புஷ்பலதாவும் அப்படித்தான் வந்தாள். 'ராமேஸ்வரம் தரிசனம், மறுநாள் காலை கடலில் டால்பின், குடும்பத்துடன் வரலாம்' என்று எழுதி வைத்திருந்தாள். கடைசியில், 'படகு டால்பினைத் துரத்தாது. கண்ணில் படும் என்று சொல்ல முடியாது' என்று ஒரு வரி. இப்படிப் போட்டால் யாரம்மா வருவார்கள் என்று கேட்டேன்.

"வர்றவங்க வரட்டும்ணே. காட்டுறேன்னு பொய் சொல்லி கூட்டினு போனா, அங்க போயி தொரத்துன்னுதான் சொல்வாங்க" என்றாள்.

புஷ்பலதா ஆர்.கே.பேட்டையில் பவர்லூம் ஷெட்டில் பதினான்கு வருடம் தறி ஓட்டியவள். கணவர் அருண்பாண்டியன் வேன் வாங்கியதும் திருத்தணிக்கு வந்து, பயண ஏற்பாடுகளைத் தன் கையில் எடுத்துக்கொண்டாள். முதல் தடவை ராமேஸ்வரம் பக்கம் போனபோது ஒரு படகுக்காரன் டால்பின் கூட்டத்தைச் சுற்றிச் சுற்றித் துரத்தியிருக்கிறான். குட்டி ஒரு பக்கம், தாய் ஒரு பக்கம் ஆகிவிட்டன. "எல்லாரும் கை தட்னாங்க, நானும் தட்னேன்ணே. ரூமுக்கு வந்தா சோறு எறங்கல" என்று என்னிடம் சொல்லியிருக்கிறாள். அதற்குப் பிறகுதான் அந்தக் கரையில் விசாரித்து, எஞ்சினை நிறுத்திவிட்டுக் காத்திருக்கும் இளம்பரிதியைக் கண்டுபிடித்தாள். மற்ற படகுக்காரர்கள் அவனைப் பிழைக்கத் தெரியாதவன் என்பார்களாம். இவளுக்கு அது போதுமானதாக இருந்தது.

போன வருடம் கனகம்மாசத்திரத்துக் குடும்பங்கள் அவள் பெயரைக் கெடுத்தன. நம் மக்களுக்குக் குளத்தைக் கண்டால் மீனுக்குப் பொரி போடாமல் இருக்க முடியாது. கடலுக்கும் பொரி மூட்டையோடு போனார்கள். டால்பின் முதுகு தெரிந்ததோ இல்லையோ, மலையில் தீபாராதனை பார்த்ததுபோல 'அரோகரா' என்று ஒரே சத்தம். எல்லோரும் ஒரு பக்கமாகப் பாய்ந்ததில் படகு சாய்ந்தது. இளம்பரிதி படகைத் திருப்பிவிட்டான். இன்னொரு தடவை இப்படி நடந்தால் உங்கள் ஊர்க்காரர்களை ஏற்ற மாட்டேன் என்று கரையில் சொல்லிவிட்டான். அவன் இல்லையென்றால் அவளுக்கு வேறு படகு கிடையாது, துரத்துகிற படகில் அவள் ஏறவும் மாட்டாள்.

இந்த வருடம் யாரைக் கூட்டிப் போகிறாள் என்று பார்த்தால், ஆர்.கே.பேட்டைத் தறிக்காரர்கள். ஷெட் முதலாளி வேதாசலம், அவர் மகள் பானுப்ரியா, அங்கே வேலை செய்யும் கன்னியம்மாள் வீட்டார் என்று பதினோரு பேர். நாள் முழுக்கத் தறிச் சத்தத்தில் இருப்பவர்கள், வீட்டில் உப்பு கேட்டாலும் எதிர் வீட்டுக்குக் கேட்கும். இவர்களை வைத்துக்கொண்டு அமைதியா? எனக்கு ஒரு துளி நம்பிக்கை இல்லை. வேடிக்கை பார்க்கவே நானும் ஒரு சீட்டு வாங்கினேன்.

"ஏம்மா, தெரிஞ்சேதான் வம்பை வெலைக்கு வாங்குறியா?" என்று கேட்டேன்.

"எங்காளுங்களை உங்களுக்குத் தெரியாதுண்ணே" என்றாள். அவ்வளவுதான்.

விடிந்தும் விடியாத நேரத்தில் ராமேஸ்வரத்துக் கரையில் லைஃப் ஜாக்கெட் மாட்டினோம். புஷ்பலதா எல்லோர் பைகளையும் திறந்து பார்த்து, இரண்டு பொட்டலம் பொரியை எடுத்து வேனில் வைத்தாள். பிறகு எல்லோரையும் நிற்கவைத்துச் சொன்னாள்: "இந்தப் படகு நம்ம ஷெட்டுன்னு நெனச்சிக்கோங்க. பேச்செல்லாம் கையிலதான்."

அவர்கள் தலையாட்டினார்கள். எனக்குத்தான் புரியவில்லை. தறி ஓடும்போது பக்கத்தில் இருப்பவர் கத்தினாலும் காதில் விழாது என்பதால், அவர்கள் ஷெட்டில் கையாலேயே பேசிக்கொள்வார்களாம். டீக்கு ஒரு சைகை, நூல் அறுந்தால் ஒரு சைகை. மீசையை முறுக்கினால் முதலாளி வருகிறார் என்று அர்த்தம். இந்த ஒன்று மட்டும் வேதாசலத்துக்குத் தெரியாது.

கடலுக்குள் போனதும் இளம்பரிதி எஞ்சினை நிறுத்தினான். அரை மணி நேரம் ஆயிற்று. ஒன்றும் வரவில்லை. கைகள் மட்டும் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தன. கன்னியம்மாள் என்னைக் காட்டி ஏதோ செய்ய, பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்கள். என்னவென்று இன்றுவரை யாரும் சொல்லவில்லை.

அப்போது வெகு தொலைவில் கருப்பாக ஒரு முதுகு எழுந்து மறைந்தது. வேதாசலம் தன்னை மறந்து எழுந்து நின்றுவிட்டார். படகு ஆடியது.

"தம்பி, வண்டியை எடு. போய்டப் போவுது" என்று உரக்கச் சொன்னார்.

இளம்பரிதி திரும்பி புஷ்பலதாவைப் பார்த்தான். இந்த வருடமும் இப்படித்தானா என்கிற பார்வை.

அவள் வலது உள்ளங்கையை விரித்து, கீழ்நோக்கி இரண்டு முறை அமுக்கினாள். வேதாசலம் சட்டென்று உட்கார்ந்துவிட்டார். தறியை நிறுத்து என்பதற்கான சைகை அது. யாருடைய விரலாவது இயந்திரத்தில் மாட்டியிருக்கலாம், அதனால் ஷெட்டில் அந்தக் கையைக் கண்டால் முதலில் நிறுத்திவிட்டுத்தான் காரணம் கேட்பார்கள். அவரும் சின்ன வயதில் தறி ஓட்டியவர்தான். பானுப்ரியா நைனாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அதன்பின் படகில் மூச்சுச் சத்தம்கூட இல்லை. சற்று நேரத்தில் அவையே வந்தன. ஐந்து டால்பின்கள், ஒரு கல்லெறி தூரத்தில், அவசரமே இல்லாமல். ஒவ்வொன்றும் மேலே வரும்போது புஸ்ஸென்று மூச்சுவிட்டது. கன்னியம்மாளுக்கு இருபது வருடத் தறியில் காது பாதிதான் கேட்கும். அவள் புஷ்பலதாவைத் தொட்டு, தன் காதைக் காட்டி, கேட்கிறது என்று தலையாட்டினாள். கண்ணில் நீர். எனக்கும்தான், எதற்கு மறைக்க வேண்டும்.

திடீரென்று பின்னாலிருந்து ஒரு கத்தல். "ஏ, குட்டிய பாருங்கப்பா."

கத்தியது இளம்பரிதி. தாய்க்குப் பக்கத்தில் இரண்டு முழ நீளத்தில் ஒரு குட்டி. அடுத்த நொடியே படகிலிருந்த எல்லோரும் அவன் பக்கம் திரும்பி, உள்ளங்கையை விரித்து இரண்டு முறை அமுக்கினார்கள். அவன் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

இருபது நிமிடம் ஆனதும் புஷ்பலதா கடிகாரத்தைக் காட்டினாள். இன்னும் கொஞ்சம் என்று வேதாசலம் கையாலேயே கெஞ்சினார். முடியாது என்றது அவள் கை.

கரையில் இறங்கியதும், "அடுத்த வருஷம் படகு உண்டா தம்பி?" என்று கேட்டாள்.

அவன் அவளுக்குப் பதில் சொல்லாமல் கன்னியம்மாளிடம் போனான். "தறிய ஓட்டுன்னு எப்படிக்கா கையில சொல்வீங்க?"

அவள் காற்றில் ஒரு கைப்பிடியைப் பற்றி இழுத்துக் காட்டினாள். அவன் புஷ்பலதாவின் பக்கம் திரும்பி, அதேபோல் இழுத்தான்.

"ஆங், இப்போ எல்லாரும் வாய்விட்டு சொல்லிக்கலாம்" என்றாள் புஷ்பலதா. அதற்காகவே காத்திருந்தவர்கள்போல் எல்லோரும் ஒன்றாக 'அரோகரா' என்றார்கள். அதில் அவள் குரல்தான் பெரிதாகக் கேட்டது.