கம்ப்யூட்டருக்குப் படைத்த பொரி

எங்கள் வீட்டில் கம்ப்யூட்டருக்கு இருந்த மரியாதையில் பாதி எனக்கு இருந்திருந்தால் நான் இன்னும் கொஞ்சம் உயரமாக வளர்ந்திருப்பேன். வீட்டிலேயே திரைச்சீலை போட்ட ஒரே அறை அது இருந்த அறைதான். அம்மா தன் புடவை ஒன்றைக் கிழித்து அதற்கு உறை தைத்திருந்தாள். நான் அப்போது நான்காம் வகுப்பு. ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு போனால் படம் வரையக் கொஞ்ச நேரம் விடுவார்கள். மற்ற நாட்களில் அந்த அறைக்குள் ஓடினாலே அடி விழும்.

அந்த வருஷம் அப்பாவுக்கு வேலை போயிருந்தது. மறைமலை நகர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் எந்திரப் பராமரிப்புப் பிரிவில் இருந்தார். ஆடி மாதத்தில் அந்தக் கம்பெனியைப் பூட்டிவிட்டார்கள். அதற்குப் பிறகும் செம்பாக்கத்திலிருந்து தினம் காலையில் சட்டையை இன் பண்ணிக்கொண்டு தாம்பரம் ஸ்டேஷனுக்குப் போவார். யார் யாரையோ பார்த்துவிட்டு மத்தியானமே திரும்பி வருவார். அவர் சீக்கிரம் வீட்டுக்கு வருவது எனக்குப் பெரிய சந்தோஷமாக இருந்தது. அம்மா மட்டும் ஏன் கதவைத் திறந்ததும் அவர் முகத்தையே பார்க்கிறாள் என்று எனக்குத் தெரியவில்லை.

கடைசியில் மஸ்கட்டில் ஒரு கம்பெனி அழைத்தது. இன்டர்வியூ கேமரா வழியாக, கம்ப்யூட்டரில். அவர்கள் குறித்த நாள் விஜயதசமி, மணி மூன்று. அங்கே அன்றைக்கு லீவு இல்லை. அப்பா வெள்ளைக் காகிதம் ஒன்றில் தன்னிடம் கேட்கக்கூடிய கேள்விகளை எழுதிவைத்துக்கொண்டு, நடந்துகொண்டே ஆங்கிலத்தில் பதில் சொல்லிப் பார்த்தார்.

அதற்கு முந்தின நாள்தான் ஆயுத பூஜை. வழக்கமாக அன்றைக்கு எங்களைத் தொழிற்சாலைக்குக் கூட்டிப்போவார். ஒவ்வொரு எந்திரத்தையும் துடைத்துச் சந்தனமும் குங்குமமும் வைத்து வாழைக்கன்று கட்டியிருப்பார்கள். அப்பா கையாலேயே எல்லாவற்றுக்கும் பொரி படைப்பார். இந்த வருஷம் படைப்பதற்கு எந்திரம் எங்கே? வீட்டில் இருந்ததே ஒன்றுதான். அதனால் ஒரு தொழிற்சாலை முழுவதற்கும் சேர வேண்டிய பூஜை எங்கள் கம்ப்யூட்டர் ஒன்றுக்கே நடந்தது.

தரையில் செய்தித்தாள் விரித்து, கேபினெட்டைப் படுக்கவைத்து, பக்கத்துத் தகட்டைக் கழற்றினார். உள்ளே எல்லாவற்றையும் ஈரத்துணியால் ஒற்றி எடுத்தார். ரேம் பட்டைகள் இரண்டையும் உருவி, அவற்றுக்கும் ஆளுக்கொரு சந்தனப் பொட்டு வைத்து, திரும்பச் செருகினார். கடைசியில் பொரி, பொட்டுக்கடலை, வெல்லம் கலந்து ஒரு கை அள்ளி, திறந்திருந்த அந்த வயிற்றின் மேலேயே தூவினார். அவ்வளவு பக்தியை அவரிடம் நான் அதற்கு முன் பார்த்ததில்லை. கற்பூரம் காட்டும்போது அவர் உதடு துடித்தது. பிறகு பொரியைப் பொறுக்கி எடுத்துவிட்டுத் தகட்டை மூடினார். பூஜை போட்ட ஆயுதத்தை அன்றைக்குத் தொடக் கூடாது என்பதால், அது ஓடுகிறதா என்று யாரும் போட்டுப் பார்க்கவில்லை.

மறுநாள் காலை குளித்து விளக்கேற்றிவிட்டு அப்பா பட்டனை அழுத்தினார். உள்ளேயிருந்து நீளமாக ஒரு பீப் சத்தம். கொஞ்சம் இடைவெளி விட்டு மறுபடியும் ஒரு பீப். திரை கறுப்பாகவே இருந்தது. நிறுத்திப் போட்டார். அதே பீப். எவ்வளவு பெரிய எந்திரம் நின்றாலும் அப்பா அதனருகில் நிதானமாக உட்காருவார் என்று அவருடைய நண்பர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அன்றைக்கு அவர் பட்டனை மாற்றி மாற்றி அழுத்திக்கொண்டே இருந்தார்.

அம்மாவின் தம்பிக்குப் போன் போனது. மாமா ராஜகீழ்ப்பாக்கத்தில் இருந்தார். ஆறு மாதம் ஹார்டுவேர் படித்துச் சான்றிதழை ஹாலில் சட்டம் போட்டு மாட்டியவர். கம்ப்யூட்டர்களைப் பற்றிச் சொந்தக்காரர்களைப் பற்றிப் பேசுவது போலவே பேசுவார். பைக்கை நிறுத்தும் முன்பே சத்தத்தைக் கேட்டுவிட்டு, "ரேம் கோவிச்சிகினு கீது மச்சான்" என்று தெருவிலிருந்தே தீர்ப்புச் சொன்னார்.

தகட்டைக் கழற்றிப் பார்த்தவர் சந்தனத்தைக் கண்டதும் ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தார். அது ரேமின் தங்க நிறப் பற்கள் வரைக்கும் வழிந்து காய்ந்திருந்தது.

"இன்னா மச்சான் இது? லேத்து மெஷினா இது?"

மாமா என்னிடம் ரப்பர் கேட்டார். பென்சிலை அழிக்கும் ரப்பர்தான். ஸ்ட்ராபெர்ரி வாசனை அடிக்கும் என்னுடைய புது ரப்பரைக் கொண்டுவந்து கொடுத்தேன். அதைக்கொண்டு ரேமின் பற்களைத் தேய்த்துத் தேய்த்து ஊதினார். ஒரு பட்டையை மட்டும் செருகிப் போட்டுப் பார்த்தார். பீப். இடம் மாற்றிச் செருகினார். அறையெல்லாம் ஸ்ட்ராபெர்ரியும் சந்தனமும் கலந்து மணந்தது. மறுபடியும் தேய்த்துச் செருகியபோது ஒரு சின்ன பீப் மட்டும் கேட்டுத் திரை ஒளிர்ந்தது. நான் கைதட்டினேன். என் ரப்பர் இல்லையென்றால் என்ன ஆகியிருக்கும் என்று அம்மாவிடம் கேட்டேன். அம்மா சமையலறைக்குள் போய்விட்டாள்.

மாமா காபி குடித்து முடிப்பதற்குள் திரை பட்டென்று அணைந்தது. பீப்பும் இல்லை, ஒன்றும் இல்லை. கொஞ்ச நேரம் விட்டுப் போட்டால் வந்தது. திரும்பவும் அதே மாதிரி போனது. ரேமை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தார். வேறு பிளக்கில் செருகிப் பார்த்தார். யூபிஎஸ்ஸை விட்டுவிட்டு நேராகக் கொடுத்துப் பார்த்தார். ஒன்றும் எடுபடவில்லை. மாமாவின் பேச்சு குறைந்துகொண்டே வந்ததுதான் எங்களுக்கு இன்னும் பயமாக இருந்தது.

"அக்கா, ஒரு ஹேர்பின் குடு" என்றார்.

எல்லா ஒயரையும் பிடுங்கிவிட்டு, உள்ளே கரண்டு கொடுக்கும் பவர் சப்ளைப் பெட்டியை மட்டும் தனியாகப் பரிசோதிப்பதற்கு. அதன் கொத்தில் பச்சை ஒயரையும் ஒரு கறுப்பு ஒயரையும் ஹேர்பின்னால் சேர்த்துவிட்டுக் கரண்டு கொடுத்தால் அதன் மின்விசிறி சுற்ற வேண்டுமாம். அம்மா கொண்டையிலிருந்து பின்னை உருவினாள். உருவியவள் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். மாமா இரண்டு தரம் கேட்டார். ஷாக் அடிக்கும் என்று பயப்படுகிறாள் என நினைத்து, நானே அவள் விரலைப் பிரித்து வாங்கிக்கொண்டுபோய்க் கொடுத்தேன்.

விசிறி சுற்றவில்லை. ஒரு துடி துடித்து நின்றது. சப்ளை போச்சு, வேறு வாங்க வேண்டும் என்று சொல்லி மாமா தாம்பரத்துக்குப் பறந்தார். அவர் போன நேரம் முழுக்க அப்பா அந்தக் கேள்விக் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு படிக்காமல் உட்கார்ந்திருந்தார். மாமா வெறுங்கையோடு திரும்பினார். பூஜை லீவு. மார்க்கெட் தெருவில் கம்ப்யூட்டர் கடைகள் எல்லாம் ஷட்டரை இறக்கி மாலை போட்டு வைத்திருக்கிறார்கள். ராஜகீழ்ப்பாக்கம் பிரவுசிங் சென்டரும் பூட்டு. எங்கள் வீட்டு செல்போனோ பேசுவதற்கு மட்டும்தான் ஆகும்.

மணி ஒன்றைத் தாண்டியிருந்தது. அப்போதுதான் அம்மா சொன்னாள்.

"விடுங்க. இது இல்லன்னா இங்கயே ஒரு வேலை கெடைக்காமலா பூடும்?"

அப்பா அவளை நிமிர்ந்து பார்த்தார். "மூணு மாசமா இங்கதானே தேடறேன்" என்று மட்டும் சொன்னார். எனக்கு அம்மா மேல் அப்படி ஒரு கோபம் வந்தது. நாங்கள் எல்லாரும் இவ்வளவு பாடுபடும்போது இவள் மட்டும் விடு என்கிறாளே, இவளுக்கு அப்பா மேல் பாசமே இல்லையா என்று தோன்றியது. அன்றைக்கு அவள் ஊட்ட வந்த சோற்றை வேண்டாம் என்று தள்ளினேன்.

எறும்பைப் பார்த்தது மாமாதான். சுவரோரமாக வந்து, மேஜைக் காலில் ஏறி, கேபினெட்டுக்குள் நுழைந்து, நேராகப் பவர் சப்ளைப் பெட்டிக்குள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தது. மாமா பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் காத்திருந்தார். அந்தப் பெட்டிக்குள் கரண்டு மிச்சம் தங்கியிருக்கும், கை வைத்தால் தூக்கி அடிக்கும் என்றார். பிறகு டார்ச் அடித்து, விசிறியின் கம்பி வலைக்குள் பார்த்தார். வலைக்குப் பின்னால், இறக்கைக்கும் சட்டத்துக்கும் நடுவில், வெல்லப் பாகோடு ஒரு பொட்டுக்கடலை ஆப்பு அடித்த மாதிரி உட்கார்ந்திருந்தது. காற்று போகாமல் சூடேறி, சூடேறியதும் தானே அணைந்து கொண்டிருந்திருக்கிறது.

சிரிக்க வேண்டிய விஷயம்தான். யாரும் சிரிக்கவில்லை. அப்பா அந்தக் கடலையை உள்ளங்கையில் வாங்கிப் பார்த்தார். "நல்லதுக்குத்தானே செஞ்சேன்" என்றார். மாமா அவர் தோளைத் தட்டினார்.

கடலையை எடுத்தும் விசிறி முழுசாகச் சரியாகவில்லை. முக்கிக்கொண்டே சுற்றியது. அதனால் கேபினெட்டைத் திறந்தே வைத்து, நேராக டேபிள் ஃபேனைத் திருப்பிவிட்டார்கள். அந்தக் காற்றில் அப்பாவின் டை பறந்து முகத்தில் அடித்தது. அம்மா தன் புடவையில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றி டையைச் சட்டையோடு சேர்த்துக் குத்தினாள். மேலே சட்டையும் டையும், கீழே கட்டம் போட்ட லுங்கியுமாக அப்பா கேமராவுக்கு முன்னால் உட்கார்ந்தார். திரையில் கண்ணாடி போட்ட ஒருவர் தோன்றினார். நாங்கள் திரைச்சீலைக்கு இந்தப் பக்கம் மூச்சு விடாமல் நின்றோம்.

முதல் சில கேள்விகளுக்கு அப்பாவின் ஆங்கிலம் தடுக்கியது. பிறகு எந்திரங்களைப் பற்றிக் கேட்டார்கள். அவர் முதுகு நிமிர்ந்தது. எனக்கு ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை, ஆனாலும் அவர் ஜெயித்துக்கொண்டிருக்கிறார் என்று தெரிந்தது.

சரியாக அந்த நேரம் பார்த்துக் கரண்டு போனது.

யூபிஎஸ் கத்தியது. கம்ப்யூட்டரும் நெட்டும் அதில் ஓடின. டேபிள் ஃபேன் அதில் இல்லை; இறக்கைகள் மெதுவாகி நின்றன. சூடேறினால் போச்சு. மாமா தலையில் கைவைத்துக்கொண்டார். அப்பா பேச்சை நிறுத்தாமல் ஓரக்கண்ணால் ஃபேனைப் பார்த்தார். நெற்றியில் வேர்வை வழிந்தது.

அம்மா என் புத்தகப் பையிலிருந்து பரீட்சை அட்டையை உருவினாள். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, தரையோடு தரையாகக் குனிந்து, கேமராவில் படாமல் மேஜைக்கு அடியில் போனாள். முட்டி போட்டு உட்கார்ந்து, திறந்திருந்த கேபினெட்டுக்கு விசிற ஆரம்பித்தாள். ஒரு கை ஓய்ந்தால் மறு கை. பின் இல்லாத கொண்டை அவிழ்ந்து முகத்தில் விழுந்தது, ஒதுக்கக்கூட நிறுத்தவில்லை. அப்பா மேலே பேசிக்கொண்டே இருந்தார். அவருடைய காலுக்குப் பக்கத்தில் அம்மாவின் தலை ஆடிக்கொண்டிருந்தது. மத்தியானத்திலிருந்து அவள் மேல் எனக்கிருந்த கோபம் அந்த இடத்திலேயே தீர்ந்துவிட்டது. இப்போதுதான் அம்மாவும் எங்கள் கட்சிக்கு வந்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன்.

திரையிலிருந்தவர் சிரித்தார். "வெல்கம்" என்றார். அந்த ஒரு வார்த்தை எனக்கும் புரிந்தது.

மாமா திரைச்சீலையைக் கிழிக்காத குறையாகத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடினார். அப்பா நாற்காலியிலிருந்து எழ முடியாமல் உட்கார்ந்திருந்தார். மாமா அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு குதித்தார். அம்மா மேஜைக்கு அடியிலிருந்து வெளியே வரவே கொஞ்ச நேரமானது. அட்டை அவள் கையில் வளைந்திருந்தது. எப்போது கிளம்ப வேண்டும் என்று கேட்டாள். அடுத்த மாதம், தீபாவளிக்கு முன்னால் என்றார் அப்பா. அவள் தலையை ஆட்டிவிட்டு, தரையில் இறைந்திருந்த ஸ்க்ரூக்களைப் பொறுக்கத் தொடங்கினாள்.

அப்பா என்னை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். அவருடைய சட்டை நனைந்திருந்தது. என் தலைக்கு மேலாக மாமாவிடம் சொன்னார்.

"மாப்ள, நாளைக்கே நல்ல சப்ளையா பாத்து வாங்கிப் போட்டுடு. வருஷக்கணக்கா தாங்கணும். இனிமே இவங்க என்னை இதுலதான் பாக்கணும்."

எனக்குத் தலைகால் புரியவில்லை. டிவியில் வருகிற ஆட்களைத் தெரியும். கம்ப்யூட்டரில் வருகிற அப்பா எங்கள் தெருவில் யாருக்கு உண்டு? மடியிலிருந்து குதித்து இறங்கி வாசலுக்கு ஓடினேன். கரண்டு போனதால் எல்லாரும் வெளியே வந்து காற்றுக்காக நின்றுகொண்டிருந்தார்கள். எங்கள் அப்பா இனிமேல் கம்ப்யூட்டரில் வரப்போகிறார் என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினேன். எதிர்வீட்டு அக்கா ஈரத்துணியைக் கொடியில் போட்டபடி என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"அப்போ வூட்டுக்கு எப்பமா வருவாரு?"

இவ்வளவு விளக்கமாகச் சொல்லியும் விளங்காத அவரைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது.

"வீட்டுக்கு எதுக்குக்கா வரணும்? அதான் கம்ப்யூட்டர்லயே வராரே" என்றேன்.