குற்றாலத்தில் பனி பெய்த வெப்சைட்

எப்சிபாவுக்கு அடுத்தவர் செய்த வேலை எதுவும் பிடிக்காது. மேலகரத்தில் அவள் வீட்டுக்கு அடுத்த தெருவில் இருக்கும் தையல்காரி, எப்சிபா ஜாக்கெட் துணியோடு வருவதைக் கண்டால் ஷட்டரைப் பாதி இறக்கிவிடுவாள். கல்யாணப் பத்திரிகை வந்தால் மாப்பிள்ளை யார் என்று பார்ப்பதற்கு முன் எழுத்துப்பிழையைத் தேடுவாள் எப்சிபா. சபை ஆண்டு விழா அழைப்பிதழில் ‘தேவ செய்தி’ என்பது ‘தேவை செய்தி’ என்று அச்சாகியிருந்ததை, ஆராதனை முடிந்த கையோடு போதகரிடமே காட்டி, “பரவாயில்லங்கய்யா, இதுவும் பொருந்தத்தான் செய்யுது” என்று சொல்லிவிட்டு வந்தவள். அவள் கணவன் ஜோஷ்வா தென்காசியில் டூவீலர் உதிரிபாகக் கடை வைத்திருந்தான். எந்த வேலையையும் செய்து முடித்ததும் அவளிடம் காட்டக் கூடாது என்பதே பதினாறு வருட இல்லறத்தில் அவன் கற்ற பாடம்.

குற்றாலத்தில் ஐந்தருவி ரோட்டில் பிச்சுமணி அண்ணாச்சியின் லாட்ஜில் அவள் வரவேற்பு மேஜையில் இருந்தாள். இரண்டாயிரத்து இருபத்திரண்டு ஜூலையில், சீசன் உச்சத்தில், விருதுநகரிலிருந்து பதினொரு பேர் கொண்ட குடும்பம் வேனில் வந்து இறங்கியது. குடும்பத் தலைவர் தோளில் துண்டோடு மேஜைக்கு வந்து, “நீச்சல்குளம் எந்தப் பக்கம்மா?” என்று கேட்டார்.

“நீச்சல்குளமா? அருவிக்குத்தான சார் எல்லாரும் வருவாங்க?”

அவர் போனை நீட்டினார். அன்றுதான் எப்சிபா தங்கள் லாட்ஜின் வெப்சைட்டை முதன்முதலாகப் பார்த்தாள். திறந்ததும் நாதஸ்வரம் ஒலித்தது. சிவப்பு எழுத்துகள் வலமிருந்து இடமாக ஓடின. நீலத் தண்ணீரோடு எந்த ஊரிலோ எடுத்த நீச்சல்குளம். அதன் கீழே ‘எங்கள் குற்றாலம்’ என்ற தலைப்பில் ஓர் அருவி. அருவியின் இரண்டு பக்கமும் ஊசியிலை மரங்கள், மரங்களின் மேல் வெள்ளை வெளேரென்று பனி.

விருதுநகர்க்காரர் கத்திய கத்தலை அவள்தான் வாங்கிக்கொண்டாள். அவர்கள் அறைக்குப் போன பிறகு பிச்சுமணியின் முன்னால் போய் நின்றாள்.

“அண்ணாச்சி, குற்றாலத்துல எப்பம் பனி பெஞ்சுது?”

வெப்சைட்டைச் செய்தவன் பிச்சுமணியின் அக்கா மகன் விஸ்வநாதன். தென்காசியில் ஒரு மாடியறையில் கண்ணாடிக் கதவு போட்டு, ஏசி போட்டு, வாசலில் டிஜிட்டல் என்று தொடங்கும் நீளமான ஒரு பலகையும் மாட்டியிருந்தான். பாதிக்கு மேல் ஆங்கிலம் கலந்து பேசுவான். அந்த ஆங்கிலத்திலும் பாதிக்கு அவனுக்கே அர்த்தம் தெரியாது. மறுநாள் லாட்ஜுக்கு வந்தவனிடம் விஷயத்தைச் சொன்னபோது சிரித்தான்.

“அது ஒரு ஃபீலுக்குக்கா. பாக்கவங்களுக்கு ஒரு கூல் வைப் வரணும்லா?”

“இதவிட நானே நல்லாச் செய்வேன்.”

“அக்கா, இது சாம்பார் வைக்கிற காரியம் இல்ல. கோடிங்.”

“சாம்பார் வைக்கதுக்கு மட்டும் உனக்குத் தெரியுமாலே?” என்றாள் எப்சிபா.

பிச்சுமணி இரண்டு பேர் வாயையும் அடைக்க நினைத்து, “சரிம்மா, நீயே செஞ்சு காட்டேன்” என்றார். அவள் அதைச் செய்வாள் என்று அவர் நினைக்கவில்லை.

ஆகஸ்ட் முடிந்ததும் குற்றாலம் காலியாகிவிடும். மத்தியானத்தில் வரவேற்பு மேஜைக்கு ஈ கூட வராது. எப்சிபா லாட்ஜ் கம்ப்யூட்டரில் பாடம் தேடத் தொடங்கினாள். வீடியோவில் பாடம் நடத்துகிறவர்களை அவளால் பொறுக்க முடியவில்லை. ஒருவன் முதல் ஆறு நிமிடமும் வணக்கம் சொல்லிக்கொண்டிருந்தான். இன்னொருவன் ‘ரொம்ப சிம்பிள்’ என்று பத்து முறை சொன்னான். எது சிம்பிள் என்று கடைசி வரை சொல்லவில்லை. “இவனுக்கே தெரியாதத நமக்குச் சொல்லித் தாரானாம்” என்று மூடிவிட்டாள். ஆங்கிலத்தில் எழுத்தாக மட்டும் இருந்த ஒரு பாடத்தைப் பிடித்துக்கொண்டாள். பிளஸ் டூ ஆங்கிலத்துக்கு அது பாதி புரிந்தது. புரியாத பாதியைப் பழைய விருந்தினர் பதிவேட்டின் பின்பக்கங்களில் எழுதி வைத்துத் திரும்பத் திரும்பப் பார்த்தாள்.

எந்த வெப்சைட்டின் உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்பதையும் யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம் என்று படித்த அன்று, முதல் வேலையாக விஸ்வநாதன் செய்ததைத் திறந்தாள். தலைப்பு இருக்க வேண்டிய இடத்தில் ‘இலவச ஹோட்டல் மாதிரி’ என்று ஆங்கிலத்தில் இருந்தது. எங்கேயோ சும்மா கிடைத்ததை இறக்கி, பெயரை மாற்றி, நாதஸ்வரத்தைச் சேர்த்திருக்கிறான். தலைப்பைக்கூட மாற்றவில்லை. அன்று முழுவதும் எப்சிபா சந்தோஷமாக இருந்தாள்.

அந்தச் சந்தோஷம் அவளுடைய முதல் பக்கம் வரைக்கும்தான். ‘வணக்கம்’ என்று அடித்தாள். திரையில் கேள்விக்குறிகளும் தலையில் கொம்பு முளைத்த ஆங்கில எழுத்துகளும் வந்தன. கம்ப்யூட்டரைத் திட்டினாள். அதை வாங்கிய பிச்சுமணியைத் திட்டினாள். மூன்று நாள் கழித்துத்தான் விஷயம் பிடிபட்டது. எழுத்தை எந்த முறையில் படிக்க வேண்டும் என்று பக்கத்தின் தலையில் சொல்ல வேண்டிய ஒரு வரியை அவள் எழுதவே இல்லை. அந்த வரியைச் சேர்த்தாள்; வணக்கம் வந்தது. தப்பு யாருடையது என்பதை அவள் யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை.

கார்த்திகையில் ஐயப்ப பக்தர்கள் வந்து குவிந்ததில் இரண்டு மாதம் பாடம் நின்றது. தை பிறந்து மறுபடி உட்கார்ந்தபோது பாதி மறந்திருந்தது. மாசிக் கடைசியில் ஒரு முழுப் பக்கம் தேறியது. வழக்கத்தை மாற்றி, தான் செய்ததை ஜோஷ்வாவிடம் அவன் போனிலேயே திறந்து காட்டினாள்.

“என்னட்டி இது, எறும்பு ஊருதது மாதிரி இருக்கு?”

“உங்க கண்ணுல கோளாறு.”

அவன் இரண்டு விரலால் இழுத்துப் பெரிதாக்கினான். “இப்பம் ‘அறை’ன்னு தெரியுது. அறைக்கு அந்தப் பக்கம் என்னன்னு தெரியல. நீளமா ரயில் மாதிரி போகுது.”

போனைப் பிடுங்கிப் பார்த்தாள். கம்ப்யூட்டரின் அகலத் திரைக்குச் செய்தது போனில் சுருங்கி எறும்பாகியிருந்தது. அவன் சொன்னது சரியாக இருந்ததுதான் அவளுக்குத் தாங்கவில்லை. மறுநாள் பக்கத்தை முழுவதும் அழித்தாள். விஸ்வநாதனின் பனியைப் பார்த்து முகம் சுளித்ததைவிட அதிகமாகத் தன் பக்கத்தைப் பார்த்துச் சுளித்தாள்.

மூன்றாவது முறை எழுதும்போதுதான் அந்த யோசனை வந்தது. சீசனில் லாட்ஜுக்கு வரும் போன்களில் முக்கால்வாசி அறை கேட்டு வருவதில்லை. ‘தண்ணி விழுதா? குளிக்க விடுதாங்களா?’ இதுதான் கேள்வி. அதை மட்டும் பக்கத்தின் உச்சியில் போட்டால் என்ன? பேரருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம், புலியருவி. நான்குக்கும் இன்றைய நிலவரம். அதற்குக் கீழேதான் லாட்ஜ்.

ஆனால் தமிழ் எழுத்து அவள் சொன்னபடி கேட்கவில்லை. ‘அனுமதிக்கப்படவில்லை’ என்ற ஒரே சொல் சின்ன போனில் கட்டத்தை மீறி வெளியே தொங்கியது. என்னென்னவோ செய்து பார்த்தாள், முடியவில்லை. கடைசியில் குறுக்குவழியாக, எழுத்துகளை அழகாக வரைந்து படமாக மாற்றி, நான்கு படங்களாக ஒட்டிவிட்டாள். பச்சையென்றால் குளிக்கலாம், சிவப்பென்றால் தடை. பார்க்க அவ்வளவு நேர்த்தியாக இருந்தது.

“என்னம்மா இது, நோட்டீஸ் மாதிரி இருக்கு?” என்றார் பிச்சுமணி.

“நோட்டீஸுன்னா படிக்கவாவது செய்யலாம்லா அண்ணாச்சி.”

ஜூனில் பழைய வெப்சைட்டை எடுத்துவிட்டு இதைப் போட்டார்கள். தினமும் காலையில் டவுன் பஸ்ஸில் வரும்போது பேரருவியில் இறங்கிப் பார்ப்பாள். மற்ற மூன்றுக்கும் அங்கங்கே கடை வைத்திருப்பவர்களுக்குப் போன் போட்டுக் கேட்பாள். எட்டு மணிக்குப் படங்களை மாற்றுவாள். ஒரு மாதத்தில் மதுரை, கோவில்பட்டி, சிவகாசி வாட்ஸ்அப் குழுக்களிலெல்லாம் அந்தப் பக்கம் சுற்றியது.

விஸ்வநாதன் சும்மா இருப்பானா? ஜூலையில் பழைய குற்றாலம் போகும் வழியில் இருக்கும் இன்னொரு லாட்ஜுக்குப் புது வெப்சைட் செய்து கொடுத்தான். எப்சிபா திறந்து பார்த்தாள். அவளுடைய பக்கமேதான், கடைசி வரி வரைக்கும். உள்ளே அவள் தனக்காக எழுதி வைத்திருந்த ‘இந்த இடத்தைத் தொடாதே’ என்ற குறிப்பைக்கூட அவன் எடுக்கவில்லை. படங்களைத் தன் இடத்தில் எடுத்து வைத்துக்கொள்ளவும் அவனுக்குத் தோன்றவில்லை. அவை அவளுடைய இடத்திலிருந்தே அவன் பக்கத்துக்குப் போய்க்கொண்டிருந்தன. அவள் காலையில் மாற்றினால் அங்கேயும் மாறியது. “களவாங்கக்கூடத் தெரியல இவனுக்கு” என்று ஜோஷ்வாவிடம் சொன்னாள். பிச்சுமணியிடம் சொல்லவில்லை. அவனை வெறுக்க அது ஒரு நல்ல காரணமாக இருந்தது. அதை அவள் வீணாக்க விரும்பவில்லை.

அதே வாரம் ஆய்க்குடியிலிருந்து ஒரு போன் வந்தது.

“வெப்சைட் யாரும்மா செஞ்சது?”

பாராட்டப் போகிறார் என்று நினைத்து, “நான்தான்” என்றாள்.

“கண்ணு தெரிஞ்சவங்களுக்கு மட்டும்னு மேல எழுதிப் போட்டிருக்கலாம்லா.”

“என்ன சார் சொல்லுதீங்க?”

“எனக்குப் பார்வை கிடையாது. போன்தான் வாசிச்சுக் காட்டும். உங்க பக்கத்தத் தொறந்தா ‘படம், படம், படம், படம்’னு நாலு தடவ சொல்லிட்டு லாட்ஜ் நம்பரச் சொல்லுது. நாலு படத்துல எதுல தண்ணி விழுது?”

“உங்க போன்ல கோளாறா இருக்கும் சார்.”

“என் போன் பேப்பர் வாசிக்கும். பேங்க் மெசேஜ் வாசிக்கும். என் பேத்தி எழுதுத தமிழயே வாசிக்கும். உங்க பக்கத்துல எழுத்தே இல்ல. எழுத்தப் படம் புடிச்சு ஒட்டியிருக்கீங்க. இதுக்கு எதுக்கும்மா வெப்சைட்டு? செவத்துல போஸ்டர் ஒட்டிட்டுப் போகலாம்லா.”

அவர் பெயர் முகம்மது இஸ்மாயில், ஓர் அலுவலகத்தில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். இதையெல்லாம் கடைசியில்தான் சொன்னார். இன்றைய நிலவரத்தைத் தானே சொல்வதாக அவள் இறங்கி வந்தபோது, “உங்ககிட்ட கேட்டுத் தெரிஞ்சுக்கிடதுக்கு அந்தப் பக்கம் எதுக்கு?” என்று போனை வைத்துவிட்டார்.

அன்று ராத்திரி சாப்பாட்டு நேரம் முழுவதும் எப்சிபா அவரைத் திட்டினாள். குறை சொல்வதற்கென்றே பிறந்த ஆட்கள் சிலர் இருக்கிறார்கள் என்றாள். ஜோஷ்வா இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றிக்கொண்டான்.

மறுநாள் மத்தியானம் தன் போனில் அந்த வாசிக்கும் வசதியைத் தேடிப் பிடித்துத் திறந்தாள். கண்ணை மூடிக்கொண்டு தன் பக்கத்தின் மேல் விரலை நகர்த்தினாள். ‘படம்’ என்றது ஒரு பெண் குரல். இன்னும் நகர்த்தினாள். ‘படம்’. பச்சையும் சிவப்பும் அந்தக் குரலுக்குத் தெரியவில்லை. பிறகு என்ன தோன்றியதோ, விஸ்வநாதன் தன் சொந்த வெப்சைட்டில் மாதிரிக்கென்று இன்னும் பெருமையாக வைத்திருந்த பனி பெய்த பக்கத்தைத் திறந்தாள். நாதஸ்வரத்துக்கு நடுவே அதே குரல் அட்சரம் பிசகாமல் வாசித்தது: ‘எங்கள் குற்றாலம். தங்களை அன்புடன் வரவேற்கிறோம்.’ ஓடுகிற சிவப்பு எழுத்து எவ்வளவு கேவலமாக இருந்தாலும் அது எழுத்து. ஆய்க்குடிக்காரருக்கு அந்த மடையனின் பக்கம் கேட்கும், அவளுடையது கேட்காது.

எப்சிபா போனை மேஜையில் கவிழ்த்து வைத்துவிட்டு, கம்ப்யூட்டரில் தன் பக்கத்தைத் திறந்தாள்.

நான்கு நாள் ஆயிற்று. படங்களை எடுத்தாள். தமிழ் எழுத்தை எழுத்தாகவே கட்டத்துக்குள் நிறுத்தக் கற்றாள். கட்டத்தை மீறித் தொங்கிய ‘அனுமதிக்கப்படவில்லை’யைத் தூக்கிப் போட்டுவிட்டுத் ‘தடை’ என்று இரண்டே எழுத்தில் முடித்தாள். முதலிலேயே தோன்றியிருக்க வேண்டிய விஷயம் என்று தன்னையே திட்டிக்கொண்டாள். முடித்ததும் இஸ்மாயிலுக்குப் போன் போட்டாள்.

அவர் தன் போனில் பக்கத்தைக் கேட்டுவிட்டு, “இது எத்தன மணி நெலவரம்னு இல்லையே. காலையிலயா, நேத்தா?” என்றார்.

“போடுதேன் பாய்” என்றாள் எப்சிபா.

படங்களை எடுத்ததும் விஸ்வநாதனின் பக்கத்தில் நான்கு ஓட்டைகள் விழுந்தன. இரண்டு நாள் கழித்து, பழைய குற்றாலம் வழி லாட்ஜ்காரரிடம் ஏச்சு வாங்கிய முகத்தோடு வந்து நின்றான்.

“அக்கா, அந்தப் படத்தத் திரும்பப் போட முடியுமா?”

“என் படம் உன் பக்கத்துல எதுக்குலே?”

“ஒரு ரெஃபரன்ஸுக்குத்தாங்கா...”

“இப்பம் எல்லாத்தையும் எழுத்தாக்கியாச்சு. அதையும் வேணும்னா எடுத்துக்கோ. ஆனா தானா மாறாது. தெனம் காலையில நீதான் பேரருவியில போய் நின்னு பாத்து மாத்தணும்.”

“தெனமுமா?” என்றான் விஸ்வநாதன்.

அந்த ஒரு சொல்லுக்காக அவனை அவள் இன்று வரை மன்னிக்கவில்லை. அடுத்த வாரம் அவன் அந்தப் பகுதியையே எடுத்துவிட்டு, அங்கே வேறெங்கோ எடுத்த ஓர் அருவியின் படத்தைப் போட்டான். இந்த முறை பனி இல்லை.

எப்சிபா இப்போதும் சீசனில் வரவேற்பு மேஜையில்தான் இருக்கிறாள். சீசன் இல்லாத மாதங்களில் மற்றவர்களுக்கு வெப்சைட் செய்கிறாள், இதுவரை ஆறு. அது போக இரண்டு பேர், இன்னும் கலராக வேண்டும் என்று கேட்டதற்கு அவள் சொன்ன பதிலால் பாதியிலேயே விலகிப் போனவர்கள். செய்து முடித்த எதையும் முதலில் ஆய்க்குடிக்குத்தான் அனுப்புவாள். இஸ்மாயில் ஒருநாளும் நன்றாக இருக்கிறது என்று சொன்னதில்லை. இரண்டாவது பட்டனுக்குப் பெயர் இல்லை, இந்தத் தலைப்பு தலைப்பு மாதிரி ஒலிக்கவில்லை என்று ஏதாவது ஒன்று இருக்கும். அவளும் எதிர்த்துப் பேசிவிட்டுத்தான் திருத்துவாள்.

போன தை மாதம் கடையத்தில் நாற்றுப் பண்ணை வைத்திருக்கும் ஒருவருக்குச் செய்த பக்கத்தை அனுப்பியபோது மட்டும், “கேக்கதுக்குச் சிரமமில்ல” என்றார்.

அதை எப்சிபா ஜோஷ்வாவிடம் அன்றே இரண்டு தடவை சொன்னாள். இரண்டாவது தடவை சொல்லி முடித்ததும், “அந்த ஆளுக்கு வெப்சைட்டப் பத்தி என்ன தெரியும்?” என்று சேர்த்துக்கொண்டாள்.