கிணற்றில் நஞ்சு கலந்தவள்

ஜெர்மனியின் எசன் நகரில் நான் ஏழாம் வகுப்புப் படித்தபோது யாழ்ப்பாணத்திலிருந்து ஒருத்தி புதிதாக வந்து சேர்ந்தாள். அவளுக்கு ஜெர்மன் தெரியாது. வகுப்பில் வேறு தமிழ்ப் பிள்ளை நான் மட்டும்தான் என்பதால், எல்லாவற்றையும் மொழிபெயர்த்துச் சொல்லும்படி வரலாற்று ஆசிரியை அவளை என் தலையில் கட்டிவிட்டார். எனக்கு எரிச்சல். அந்த ஊர்ப் பிள்ளையாக ஆவதற்கு நான் பட்ட பாடு போதாதென்று, இவள் வந்து என்னை மறுபடியும் அகதி வீட்டுப் பிள்ளையாக்கிவிட்டாள்.

அந்த மாதப் பாடம் இடைக்கால ஐரோப்பாவின் கொள்ளைநோய். வீடு வீடாகச் செத்தார்கள். உழைக்க ஆள் கிடைக்காமல் போகவே, அதுவரை கைகட்டி நின்ற கூலியாட்கள் பேரம் பேசத் தொடங்கினார்கள். இதெல்லாம் எங்களுக்குச் சப்பென்று இருந்தது. யூதர்கள் கிணற்றில் நஞ்சு கலந்தார்கள் என்று வதந்தி கிளப்பி அவர்களை உயிரோடு எரித்த கதைக்குத்தான் வகுப்பு நிமிர்ந்து உட்கார்ந்தது.

வதந்தி எப்படிப் பரவும் என்று காட்ட ஆசிரியை ஒரு விளையாட்டு வைத்தார். வகுப்புதான் ஊர். நஞ்சு கலந்தவர் யார் என்று வாக்கெடுத்து, அவரைக் கதவுக்கு வெளியே நிறுத்த வேண்டும். வாக்குகள் அவளுக்கும் எனக்கும் சமமாக விழுந்தன. முதலாம் வகுப்பிலிருந்து என்னோடு படித்தவர்களும் என் பெயரை எழுதியிருந்தார்கள்.

"நஞ்சு கலந்தது நீயா?" என்று ஆசிரியை என்னைக் கேட்டார். இல்லை என்றேன். அதே கேள்வியை அவளிடமும் கேட்டார்.

"என்னவாம்?" என்றாள் என்னிடம்.

"உங்கட வீட்டில கிணறு இருந்ததோ எண்டு கேக்கிறா. ஓமெண்டால் 'யா' எண்டு சொல்லும்."

அவள் முகம் மலர்ந்துவிட்டது. வந்த நாளிலிருந்து அவளால் பதில் சொல்ல முடிந்த முதல் கேள்வி அது. எழுந்து நின்று "யா, யா!" என்றாள். வாளியை இறக்குவதுபோல் கைகளால் செய்தும் காட்டினாள். கூரை பிய்ந்துவிடும்படி வகுப்பு கத்திச் சிரித்தது. மணி அடிக்கும்வரை அவள் தாழ்வாரத்தில் நின்றாள். நான் ஊருக்குள்ளே இருந்தேன். சந்தோஷமாகத்தான் இருந்தேன்.

"ஏன் எல்லாரும் சிரிச்சவை?" என்று இடைவேளையில் கேட்டாள்.

"நீர் செய்து காட்டினது அவைக்குப் பிடிச்சிட்டுது" என்றேன்.

விளையாட்டு முடிந்துவிட்டது என்று ஆசிரியை சொன்னதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அன்றிலிருந்து 'கிணற்றில் நஞ்சு கலந்தவள்' என்பதே அவளுக்குப் பெயர். ஜெர்மன் மொழியில் அது நீளமான ஒற்றைச் சொல். 'கிணத்துக்காரி' என்று அர்த்தம் சொல்லிவைத்தேன். அப்படிக் கூப்பிட்டவர்களுக்கெல்லாம் அவள் கையாட்டினாள்.

கோடை விடுமுறைக்கு முன்பு, வகுப்பு மலருக்காக ஒவ்வொருவரும் தன்னைப் பற்றி ஒரு பக்கம் எழுத வேண்டியிருந்தது. ஆசிரியையிடம் கொடுக்குமுன் அவள் தன் பக்கத்தை என்னிடம் நீட்டினாள். மேலே அவள் பெயர். பட்டப்பெயர் என்ற இடத்தில் அந்தச் சொல்லை அச்சுப்போல எழுதி, பக்கத்தில் ஒரு கிணறும் வரைந்திருந்தாள்.

"எழுத்துப் பிழை இருக்கோ, பாரும்."

எழுத்தெழுத்தாகப் பார்த்தேன்.

"ஒரு பிழையும் இல்லை. கொண்டுபோய்க் குடும்" என்றேன்.